சக மாணவர் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா? ஆய்வுகளை எடைபோடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: “மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சக மாணவர் கற்பிப்பது பயன்தரும் என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டன.” எந்த ஆய்வு, எந்தக் குழந்தைகள், எதைக் கற்பித்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் வகுப்பில், வாசிக்கத் திணறும் பிள்ளையை முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, “நீ இவனுக்குச் சொல்லிக்கொடு” என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கும் ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட முறைக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை மிகக் குறைவு.

பி.எட். மாணவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த சிறப்பாசிரியர்கள், பெற்றோர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கையில் எடுத்தால் எந்தெந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது தொடக்கப் பள்ளி, வாசிப்பு, கற்றல் குறைபாடு என்ற ஒரு மூலையில் அடர்ந்தும் மற்ற இடங்களில் மெலிந்தும் கிடக்கிறது. “பலன் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். அது உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு உதவாது.

படி 1: பெயரை விடுங்கள், அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

‘சக மாணவர் கற்பித்தல்’ என்ற ஒரே பெயருக்குள் பல முறைகள் ஒளிந்திருக்கின்றன. முழு வகுப்பும் இணை இணையாகப் பிரிந்து, ஆளுக்குப் பாதி நேரம் கற்பிப்பவராக மாறி மாறி இருப்பது ஒன்று. மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பு மாணவருக்குக் கற்பிப்பது இன்னொன்று. மாற்றுத்திறனாளி மாணவரே இளையவருக்குக் கற்பிப்பது மூன்றாவது. கடுமையான குறைபாடுள்ள ஒருவருக்கு வகுப்பறையில் ஓரிரு தோழர்கள் உடனிருந்து உதவுவது நான்காவது. இவற்றில் ஒன்றின் ஆய்வு முடிவை இன்னொன்றுக்கு ஆதாரமாகக் காட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

அதிகம் ஆராயப்பட்ட இரண்டு முறைகளை மட்டும் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, அமெரிக்காவின் கன்சாஸ் நகரில், கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜூனிப்பர் கார்டன்ஸ் குழந்தைகள் திட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் சார்லஸ் கிரீன்வுட், ஜோசப் டெல்குவாட்ரி ஆகியோர் உருவாக்கியது. ‘கிளாஸ்வைடு பியர் டியூட்டரிங்’ என்று பெயர். வகுப்பு இரண்டு அணிகளாகப் பிரியும். ஒவ்வோர் அணிக்குள்ளும் இணைகள் அமையும். கற்பிப்பவர் ஒரு சொல்லைக் கேட்க, கற்பவர் சொல்லியபடியே எழுத வேண்டும். சரியென்றால் 2 புள்ளி. தவறென்றால் கற்பிப்பவர் சரியான விடையைக் காட்ட, கற்பவர் அதை மூன்று முறை எழுதிப் பழகி 1 புள்ளி பெறுவார். 10 நிமிடம் ஆனதும் இருவரும் இடம் மாறுவார்கள். ஆசிரியர் வகுப்பைச் சுற்றி வந்து, ஒழுங்காகச் செய்யும் இணைகளுக்குக் கூடுதல் புள்ளி தருவார். வாரத் தொடக்கத்தில் ஒரு சிறு தேர்வு, முடிவில் இன்னொன்று.

இரண்டாவது, டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த ‘பால்ஸ்’ (சக மாணவர் துணையோடு கற்கும் உத்திகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). இணை சேர்ப்பதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பு மாணவர்களை வாசிப்புத் திறன்படி வரிசைப்படுத்தி, பட்டியலை நடுவில் இரண்டாக வெட்டி, மேல்பாதியின் முதல் பெயரைக் கீழ்பாதியின் முதல் பெயரோடு சேர்ப்பார்கள். ஆகவே வகுப்பின் முதல் மாணவரும் கடைசி மாணவரும் ஒருபோதும் இணையாக மாட்டார்கள். நம் வகுப்பறை வழக்கத்துக்கு இது நேர் எதிர். நன்றாக வாசிப்பவர் முதலில் 5 நிமிடம் உரக்க வாசிப்பார். பிறகு மற்றவர் அதே பகுதியை வாசிப்பார். அடுத்து, வாசித்ததை வரிசையாகத் திருப்பிச் சொல்வது, ஒரு பத்தியின் சாரத்தைப் பத்துச் சொல்லுக்குள் அடக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துச் சரிபார்ப்பது. ஏறத்தாழ 35 நிமிடம், வாரம் மூன்று முறை.

இப்போது தெரிகிறதல்லவா? ஆய்வில் சோதிக்கப்பட்டது பிள்ளைகளின் நட்போ இரக்கமோ அல்ல. திருத்தும் முறை, இடமாற்றம், புள்ளி, நேரக் கணக்கு, பயிற்சி எல்லாம் சேர்ந்த ஓர் இயந்திரம் அது. ஒரு கட்டுரை இந்த விவரங்களைச் சொல்லாமல் ‘சக மாணவர் கற்பித்தல் செயல்படுத்தப்பட்டது’ என்று ஒரே வரியில் கடந்துபோனால், அதன் முடிவு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் எதற்கு அந்த முடிவு கிடைத்தது என்று உங்களால் சொல்ல முடியாது. அதை ஒதுக்கிவைக்கலாம்.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. எழும்பூரில் இயங்கிய ராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தூண்டப்பட்டு, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1797இல் லண்டனில் அதை அறிக்கையாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே வழங்கியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பு இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சான்றாகச் சொல்லக் கூடாது. குறைந்த ஆசிரியர்களைக் கொண்டு நிறையப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அந்த முறையின் பலமாகப் பேசப்பட்டது. மாற்றுத்திறனாளி மாணவர்கள் முன்னேறினார்களா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

படி 2: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் குறைபாடு, எந்த வகுப்பு, எந்தத் திறன், இப்போது நடப்பதற்குப் பதிலாகவா அதனோடு கூடுதலாகவா. “மூன்றாம் வகுப்பில் டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு, வழக்கமான வாசிப்பு வேளைக்குப் பதிலாக இணை வாசிப்பு வைத்தால், சரளம் கூடுமா?” என்பது கேள்வி. “சக மாணவர் கற்பித்தல் நல்லதா?” என்பது பட்டிமன்றத் தலைப்பு.

படி 3: தேடுங்கள், திரட்டிலிருந்து தனி ஆய்வுக்கு இறங்குங்கள்

அமெரிக்கக் கல்வித் துறையின் ‘எரிக்’ தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். கூகுள் ஸ்காலரும் போதும். ஆங்கிலத்தில் ‘பியர் டியூட்டரிங்’ என்பதோடு குறைபாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ‘பியர் மீடியேட்டட்’, ‘பியர் அசிஸ்டெட்’ என்ற பெயர்களிலும் இதே செய்தி கிடக்கும்.

முதலில் தொகுப்பாய்வுகளை எடுங்கள். அதாவது, பல தனி ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவை. அவற்றை வாசித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஒருவரிக் கேள்விக்கு மிக நெருங்கிய இரண்டு மூன்று தனி ஆய்வுகளை அதிலிருந்து கண்டெடுத்து, அவற்றின் முறையியல் பகுதியை முழுமையாக வாசியுங்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் வாசிப்பவர்களால்தான் இந்தத் துறையில் இவ்வளவு குழப்பம்.

படி 4: குறைபாடுள்ள குழந்தைகள் உண்மையில் எத்தனை பேர்?

ஃபுக்ஸ் குழுவினர் 1997இல் வெளியிட்ட பால்ஸ் ஆய்வை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. 12 பள்ளிகள், 40 வகுப்புகள், 15 வாரங்கள். 20 ஆசிரியர்கள் பால்ஸ் நடத்தினார்கள், 20 பேர் வழக்கம்போல் கற்பித்தார்கள். எண்களைக் கேட்டால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பேரிடம்தான் தரவு சேகரிக்கப்பட்டது: கற்றல் குறைபாடு உள்ளவர் ஒருவர், குறைபாடு இல்லாமல் பின்தங்கியவர் ஒருவர், சராசரி மாணவர் ஒருவர். ஆகவே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் 40 பேர். பால்ஸ் வகுப்பில் இருந்தவர்கள் அவர்களில் பாதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தப் பக்கம் எது என்று சமவாய்ப்பு முறையில் குலுக்கிப் பிரித்தது பிள்ளைகளை அல்ல, பள்ளிகளை. பிரிக்கப்பட்ட அலகு 12தான். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் சுறுசுறுப்பானவர் என்றால் அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்ந்து ஏற்றம் கிடைத்துவிடும். இதைச் சொல்வது அந்த ஆய்வைக் குறைத்துப் பேச அல்ல. மூன்று வகைப் பிள்ளைகளுமே பால்ஸ் வகுப்புகளில் அதிகம் முன்னேறினார்கள் என்ற அதன் முடிவு மதிக்கத் தக்கது. குறைபாடுள்ள பிள்ளைகளைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டியதே அதன் பெரிய பலம். மற்றப் பல ஆய்வுகள் வகுப்பு முழுவதன் சராசரியைக் காட்டிவிட்டு, “இதில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களும் இருந்தார்கள்” என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொள்கின்றன. அந்த ஒரு வரியை ஆதாரமாக ஏற்காதீர்கள்.

‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தப் பிரிவில் வருகிறார். அவ்வளவு பெரிய வலை அது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. ஆனால் முறையான பரிசோதனைக்குப் போகாமலே ‘மந்தம்’ என்ற பட்டத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். ஆய்வில் சொல்லப்படும் பிள்ளையும் உங்கள் வகுப்புப் பிள்ளையும் ஒத்தவர்களா என்பதைப் பெயரை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். எந்த அளவில் வாசித்தார்கள் என்ற தொடக்க விவரத்தை வைத்து முடிவுசெய்யுங்கள்.

படி 5: எதனோடு ஒப்பிட்டார்கள்?

ஒப்பீட்டுக் குழு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் பாதி ஆய்வு. அவர்கள் சும்மா இருந்தார்களா, ஆசிரியரிடம் பாடம் கேட்டார்களா, தனியாகப் பயிற்சித்தாள் நிரப்பினார்களா? சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் ஜெயிக்கும்.

நல்ல ஒப்பீட்டுக்கு ஓர் உதாரணம், எரிக் கார்ட்டர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. கடுமையான குறைபாடுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 51 பேருக்குச் சக மாணவர் துணை, 48 பேருக்குப் பெரியவர்களின் துணை மட்டும். ஒப்பீடு ‘உதவி உண்டு, உதவி இல்லை’ என்பதல்ல. ஓர் உதவிக்கும் இன்னோர் உதவிக்கும் இடையிலானது. சக மாணவர் துணை பெற்றவர்கள் வகுப்புத் தோழர்களோடு அதிகம் பழகினார்கள். இதே ஆய்வை யாராவது “கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குச் சக மாணவர் மூலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம்” என்பதற்கு ஆதாரமாகக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அது வேறு கேள்வி.

படி 6: எதை அளந்தார்கள்?

வாரம் முழுவதும் பழகிய இருபது சொற்களையே வெள்ளிக்கிழமை கேட்டால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். பழகாத பகுதியை வாசிக்கச் சொன்னால் என்ன ஆகிறது என்பதே கடினமான சோதனை. ஆகவே அளவுகோலை மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பழகியதையே கேட்கும் தேர்வு, ஆய்வுக் குழு தானே அமைத்த தேர்வு, வெளியில் எல்லோரும் பயன்படுத்தும் தரப்படுத்தப்பட்ட தேர்வு. முதலாவதில் பலன் பெரிதாகவும் மூன்றாவதில் சிறிதாகவும் தெரிவது கல்வி ஆய்வுகளில் வழக்கம். 1997 பால்ஸ் ஆய்வின் தேர்வு இரண்டாம் வகை.

வகுப்பில் அமைதியாக ஈடுபட்டிருப்பதும் கற்பதும் ஒன்றல்ல என்பதை ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) பற்றிய ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. ஜார்ஜ் டுபால் குழுவினர் 1998இல் வெளியிட்டது. ஏடிஎச்டி உள்ள 18 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், வகுப்பளவிலான சக மாணவர் கற்பித்தல். பெரும்பாலோரின் கவனம் கூடியது, நெளிவதும் எழுந்து அலைவதும் குறைந்தன. வாராந்தரத் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததோ பாதிப் பேருக்குத்தான். இதை ‘வெற்றி’ என்றும் எழுதலாம், ‘பாதி வெற்றி’ என்றும் எழுதலாம். உங்கள் கேள்வி கவனம் பற்றியதா மதிப்பெண் பற்றியதா என்பதைப் பொறுத்தது. அந்த ஆய்வு இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது. அதை மேற்கோள் காட்டுபவர்கள்தான் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

படி 7: விளைவளவை வாசிக்கப் பழகுங்கள்

இங்கேதான் பலர் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. விளைவளவு என்பது இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவால், வகுத்த எண். ஒரு தேர்வில் திட்ட விலக்கம் 10 மதிப்பெண் என்றால், 0.40 விளைவளவு என்பது சராசரியாக 4 மதிப்பெண் வித்தியாசம். வேறு விதமாகச் சொன்னால், இந்தப் பயிற்சி பெற்ற குழுவின் நடுத்தர மாணவர், பயிற்சி பெறாத 100 பேரின் வரிசையில் நின்றால் ஏறத்தாழ 66 பேரை முந்தியிருப்பார்.

0.40 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. பீட்டர் கோஹென், ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் மூவரும் 1982இல் 65 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கற்றுக்கொண்ட மாணவர்களுக்குக் கிடைத்த சராசரி இதுதான். கற்பித்த மாணவர்களுக்கு 0.33. நல்ல, அடக்கமான பலன். ஆனால் அந்தத் தொகுப்பு பொதுவான மாணவர்களைப் பற்றியது.

அடுத்து ஒரு பொறி. சிந்தியா ரோர்பெக் குழுவினர் 2003இல் தொடக்கப் பள்ளி ஆய்வுகள் 90ஐத் தொகுத்தார்கள். சாதாரணச் சராசரி 0.59. ஆய்வின் அளவுக்கேற்ப எடை கொடுத்துக் கணக்கிட்ட சராசரி 0.33. ஒரே தொகுப்பு, இரண்டு எண்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? எடை இல்லாமல் கணக்கிட்டால் இருபது பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் ஐந்நூறு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் சமம் ஆகிவிடும். சிறிய ஆய்வுகளில் பெரிய பலன் தென்பட்டால் அதுவே வெளியாகும் வாய்ப்பும் அதிகம். எடையிட்ட எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண் என்று சொல்லாமல் 0.59ஐ மட்டும் காட்டுபவரிடம் கேள்வி கேளுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் நயமானது. லிசா போமன்-பெரட் குழுவினர் 2013இல், சிறு எண்ணிக்கையிலான மாணவர்களை நெருக்கமாகப் பின்தொடர்ந்த 26 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 938 மாணவர்கள், விளைவளவு 0.75. உடனே சிலர் இந்த 0.75ஐ மேலே சொன்ன 0.40க்குப் பக்கத்தில் வைத்து, “மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இரு மடங்கு பலன்” என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 0.75 வேறு அளவுகோல். ‘டவ்-யூ’ என்று பெயர். பயிற்சிக்கு முந்தைய அளவீடுகளும் பிந்தைய அளவீடுகளும் எவ்வளவு குறைவாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதைச் சொல்வது, எத்தனை மதிப்பெண் கூடியது என்பதைச் சொல்வதல்ல. கிலோவையும் லிட்டரையும் கூட்ட முடியாது.

படி 8: மூன்று பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வைத் தள்ளிவிடாதீர்கள்

சிறப்புக் கல்வியில் நூறு பேரைத் திரட்டுவது கடினம். ஆகவே ஒற்றை நபர் ஆய்வு என்ற முறை இங்கே அதிகம். டெப்ரா காம்ப்ஸ் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மூன்றே பேர். “மூன்று பேரா?” என்று சிரிக்க வேண்டாம். முதலில் பயிற்சி இல்லாமல் பல நாள் அளக்கிறார்கள். பிறகு பயிற்சியைத் தொடங்கி அளக்கிறார்கள். நிறுத்திப் பார்க்கிறார்கள், மீண்டும் தொடங்குகிறார்கள். தொடங்கும்போது ஏறி, நிறுத்தும்போது இறங்கினால், ஏற்றத்துக்குக் காரணம் பயிற்சிதான் என்று சொல்ல வலுவான இடம் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகளின் வாசிப்புச் சரளமும் கூடியது, விளையாட்டு வேளையில் மற்றப் பிள்ளைகளோடு பழகுவதும் கூடியது.

இத்தகைய ஆய்வில் வரைபடத்தைத்தான் வாசிக்க வேண்டும். பயிற்சிக்கு முந்தைய கோடு ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால் பயிற்சிக்குப் பெருமை சேராது. அமெரிக்கக் கல்வித் துறை 2002இல் தொடங்கிய ‘வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்’ என்ற, கல்வி ஆய்வுகளின் தரத்தை எடைபோடும் திட்டம் 2010இல் வகுத்த நெறிகள், மாற்றம் குறைந்தது மூன்று வெவ்வேறு நேரங்களில் தெரிய வேண்டும் என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அளவீடுகளாவது இருந்தால்தான் முழுத் தகுதி என்றும் கேட்டன. மூன்று அளவீடுகள் இருந்தால் தயக்கத்தோடு ஏற்கலாம்.

ஒரு முறையை ‘ஆதாரம் உள்ளது’ என்று அழைக்க எத்தனை ஆய்வு வேண்டும்? சிறப்புக் கல்வியாளர்களின் அமெரிக்க அமைப்பான ‘கவுன்சில் ஃபார் எக்செப்ஷனல் சில்ட்ரன்’ 2014இல் கொடுத்த கணக்கு புதியவர்களுக்கு உதவும். சமவாய்ப்பு முறையில் குழு பிரித்த நல்ல ஆய்வுகள் இரண்டு, மொத்தம் 60 பேர். அல்லது சமவாய்ப்பு இல்லாத குழு ஆய்வுகள் நான்கு, மொத்தம் 120 பேர். அல்லது ஒற்றை நபர் ஆய்வுகள் ஐந்து, மொத்தம் 20 பேர். எல்லாம் தரமானவையாகவும் நல்ல பலன் காட்டியவையாகவும் இருக்க வேண்டும். எதிர்மறை முடிவு காட்டும் தரமான ஆய்வு இருக்கக் கூடாது.

படி 9: யார் நடத்தினார்கள், சொன்னபடி நடந்ததா?

முறையை உருவாக்கியவர்களே அதைச் சோதிப்பது முதல் கட்டத்தில் இயல்பு. ஆராய்ச்சி உதவியாளர்கள் வாரந்தோறும் வந்து ஆசிரியருக்குத் தோள்கொடுப்பார்கள். அவர்கள் போன பிறகு என்ன ஆகும் என்பதே நம் கவலை.

இதற்கு ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேர்ந்து ஒரு பாடம் வைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் 129 தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் நடந்த பெரிய சோதனையின் முடிவை பீட்டர் டிம்ஸ், கீத் டாப்பிங் குழுவினர் 2011இல் வெளியிட்டார்கள். மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பு மாணவருக்குக் கற்பித்த ஏற்பாட்டில் சிறிய ஆனால் தெளிவான பலன் தெரிந்தது. அதே வழியில் டர்ஹாம் பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் நடத்திய கணக்குத் திட்டத்தையும் வாசிப்புத் திட்டத்தையும், எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு நிதி அமைப்பு தனியான மதிப்பீட்டுக் குழுவைக் கொண்டு சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. இரண்டிலும் வழக்கமான வகுப்பைவிட மேலான பலன் தெரியவில்லை. இவை பொதுவான மாணவர்களைப் பற்றியவைதான். ஆனாலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆய்வுகளை வாசிக்கும்போது இந்த ஜோடியை மனத்தில் வைத்திருங்கள். ஒப்பீட்டுப் பள்ளிகளில் வழக்கமான பாடமே நன்றாக நடந்துகொண்டிருந்தால், புதிய முறை தனியாகக் கூட்டிக் கொடுக்க இடம் குறைவு. ஆதரவுக் குழு வகுப்பில் இல்லாவிட்டால் இயந்திரத்தின் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

ஆகவே கட்டுரையில் ‘செயல்படுத்தல் துல்லியம்’ பற்றிய பத்தியைத் தேடுங்கள். ஒரு பார்வையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்து, எத்தனை படிகள் சரியாக நடந்தன என்று குறித்தாரா? ஆசிரியர் தானே எழுதிக்கொடுத்த அறிக்கை மட்டும்தானா? இந்தப் பத்தியே இல்லாத கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

படி 10: தீர்ப்பை குறைபாடு வாரியாக எழுதுங்கள்

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். தொடக்கப் பள்ளியில், கற்றல் குறைபாடு உள்ளவர்களின் வாசிப்புக்கு ஆதாரம் உறுதியானது. அதிலும் விதிவிலக்கு உண்டு. பால்ஸை உருவாக்கிய குழுவே 2006இல் எழுதிய மறுபார்வையில், எல்லாப் பிள்ளைகளும் முன்னேறவில்லை, சிலருக்கு இதைவிடத் தீவிரமான தனிப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. இந்த நேர்மை அந்த ஆய்வுகள் மீதான என் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

ஏடிஎச்டிக்குக் கவனத்தில் நல்ல பலன், மதிப்பெண்ணில் கலவை. உணர்ச்சி, நடத்தைச் சிக்கல் உள்ளவர்களுக்கு ஒற்றை நபர் ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, 2013 தொகுப்பில் அவர்களுக்கே அதிகப் பலன் தெரிந்தது. ஆட்டிசத்துக்குப் பழகும் திறனில் ஆதாரம் வலுவானது, பாடத்தில் சிறியது. கடுமையான குறைபாடுகளுக்குத் தோழமைத் துணை என்ற அளவில் ஏற்கலாம்.

ஆறாம் வகுப்புக்கு மேல் போனால் ஆதாரம் குறைந்துவிடுகிறது. ஓக்கில்வா, ஷெல்பி இருவரும் 2010இல் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றித் தேடித் தொகுத்தபோது சேர்ந்தவை 12 ஆய்வுகளே. முடிவு சாதகமானதுதான், அடித்தளம்தான் சிறியது. காது கேளாதவர், பார்வைக் குறைபாடு உள்ளவர் பற்றி இந்தப் பெரிய தொகுப்புகளை வைத்துக்கொண்டு எதுவும் சொல்லத் துணியாதீர்கள்.

மாற்றுத்திறனாளி மாணவரே ஆசிரியராக இருப்பது பற்றிய கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. எப்போதும் அவர் வாங்கிக்கொள்பவர் என்றே வைத்துக்கொள்கிறோம். குக் குழுவினர் 1980களின் நடுவில் இப்படிப்பட்ட 19 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கற்பித்தவர், கற்றவர் இருவருமே பாடத்தில் முன்னேறினார்கள். ‘தன்னம்பிக்கை பெருகும்’ என்ற பிரபலமான வாக்குறுதிக்கு மட்டும் அளவீடுகளில் கிடைத்த ஆதரவு சிறியது. உணர்ச்சிகரமாகப் பேசுபவர்கள் இதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

படி 11: உங்கள் வகுப்பில் சிறிய அளவில் சோதியுங்கள்

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கில வாசிப்பைப் பற்றியவை. முதல் வகுப்புக்கான பால்ஸ், ஆங்கில எழுத்தொலிச் சிக்கலுக்காக அமைக்கப்பட்டது. 247 எழுத்துகளும் ஏறத்தாழ எழுதியபடியே ஒலிப்பும் கொண்ட தமிழுக்கு அந்தப் பகுதியை அப்படியே எடுக்க முடியாது. இணை வாசிப்பு, திருப்பிச் சொல்லல், பத்தியைச் சுருக்குதல் ஆகியவை மொழியை அவ்வளவாகச் சார்ந்தவை அல்ல. தொடங்குவதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டும் கைப்பேசியின் நேரக்கணக்கும் போதும். பிள்ளைகள் இதுவரை வாசிக்காத, அவர்கள் தரத்துக்கேற்ற பத்திகளைச் சேர்த்துவையுங்கள். இணைகளைத் தொடங்கும் முன், ஐந்து வெவ்வேறு நாள்களில், ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் குறியுங்கள். பிறகு பாதி இணைகளுக்கு மட்டும் பயிற்சியைத் தொடங்குங்கள். மற்றப் பாதிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து. இரு தொகுதியும் தத்தம் தொடக்க நாளுக்குப் பிறகே ஏறினால், பருவத் தேர்வு நெருங்கியதாலோ வீட்டில் டியூஷன் சேர்ந்ததாலோ வந்த ஏற்றம் அல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எட்டு வாரம் ஒழுங்காக நடந்தும் ஒரு பிள்ளையின் எண்ணிக்கை அசையவில்லை என்றால் இணையை மாற்றிப் பார்த்துக் காலத்தை நீட்ட வேண்டாம். அந்தப் பிள்ளையை ஆசிரியரே நேரடியாகக் கற்பிக்கும் சிறு குழுவுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் அம்மா வகுப்பு வாசலில் நின்று, “என் பிள்ளையின் நேரம் வீணாகிறதே, டீச்சர்” என்பார். 1982 தொகுப்பின் 0.33 கற்பித்த மாணவர்களைப் பற்றியதுதான், ஆனால் அந்த எண்ணைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. தொடக்கத்திலேயே அவர் பிள்ளைக்கும் ஒரு நிமிட வாசிப்பை எடுத்துவைத்திருந்தால், நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.